கையொப்பம் இல்லாவிட்டாலும் ஊழியரே: தூய்மைப் பணியாளரும் வருங்கால வைப்பு நிதியும்

நகரங்களில் ஒப்பந்ததாரர் வழியாகப் பணிபுரியும் தூய்மைப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். பணிநியமன ஆணையோ கையொப்பமிட்ட ஒப்பந்தமோ அவர்களிடம் இருப்பது அரிது. வைப்பு நிதியைக் கேட்டால், "இங்கே வேலை செய்ததற்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வியே பதிலாக வருகிறது. காகிதம் தர மறுத்தவர்களே காகிதம் கேட்கிறார்கள். சட்டம் இதை ஏற்கவில்லை.

1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் பிரிவு 2(எஃப்), நிறுவனத்தின் பணிக்காக அமர்த்தப்பட்டு, நேரடியாகவோ மறைமுகமாகவோ ஊதியம் பெறும் எவரையும் ஊழியர் என்றது. ஒப்பந்ததாரர் வழி அமர்த்தப்பட்டவரும் அதில் அடங்குவார். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இந்த வரையறையில் ஒரு நிபந்தனையே அன்று. வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரும் ஊழியரே என 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் பவன் ஹன்ஸ் வழக்கிலும் ஒப்பந்தப் பணியாளர்களின் வைப்பு நிதி உரிமையை அது உறுதிசெய்தது.

2011 ஜனவரி அறிவிக்கையின் மூலம் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் இச்சட்டத்தின் கீழ் வந்தன. வைப்பு நிதித் திட்டத்தின் பத்தி 30இன்படி, ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கும் பங்களிப்பைச் செலுத்தும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருடையது. ஒப்பந்ததாரர் மாறிவிட்டார் என்று கூறி அது தப்ப இயலாது. வேலையளிப்பவரின் 12 விழுக்காட்டுப் பங்கைத் தொழிலாளியின் கூலியில் பிடிப்பதும் சட்டவிரோதம்.

பங்களிப்பு செலுத்தப்படவில்லையெனில் மண்டல வைப்பு நிதி ஆணையரிடம் விசாரணை கோரலாம். வருகைப் பதிவேடு, வங்கிக் கணக்கில் கூலி வரவு, அடையாள அட்டை, சீருடை, மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப் செய்திகள், உடன் பணிபுரிவோரின் வாக்குமூலம் ஆகிய அனைத்தும் சான்றுகளே. பதிவேடு முதலாளியிடம் இருந்தால், அதை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்திற்குரிய அதிகாரம் ஆணையருக்கு உண்டு. அவ்வதிகாரத்தைப் பயன்படுத்துவது அவரது கடமை என்று இந்திய உணவுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே மனுவிலேயே பணியாளர்களின் பெயர், பணியிடம், பணிக்காலம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஆவணங்களை வரவழைக்குமாறு எழுத்தில் கோர வேண்டும் என நாங்கள் வலியுறுத்துகிறோம்.

மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுத் தகுதிச் சேவை தேவை. பதிவாகாத ஒவ்வோர் ஆண்டும் முதுமைக்கால வருவாயைப் பறிக்கிறது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் ஒப்பந்ததாரர் வழிப் பணியாளரை ஊழியர் என்றே கொள்கிறது. ஆனால் விசாரணையைத் தொடங்க 5 ஆண்டு வரம்பு விதிக்கிறது. எனவே தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் செல்லும் மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் முதலில் செய்ய வேண்டியது, சான்றுகளைத் திரட்டிக் கூட்டாக மனு அளிக்கச் செய்வதே. ஓய்வுபெறும் நாள்வரை காத்திருந்தால் உரிமை கைநழுவும்.