காகிதக் கவசமும் தோட்டத் தொழிலாளர் வரலாறும்
மாத்தளை மாவட்டக் கூத்து ஒப்பனைப் பொருள்கள் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்றுச் சான்றுகள் என்று கூறுமிடத்துக் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி, அரசாங்க அறிக்கை என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் நிலைத்து நிற்கும் பொருள்களில் அமைந்தவை. நிலைத்த பொருளைக் கையாளும் வசதி ஆளும் வர்க்கத்தினருக்கே பெரிதும் வாய்த்திருந்தமையால், இச்சான்றுகள் அவர்தம் செய்திகளையே பெரும்பாலும் தருகின்றன. காகிதத்திலும் கந்தைத் துணியிலும் மூங்கிற் சிம்பிலும் தம் கைத்திறனை வெளிப்படுத்திய மக்களின் வரலாற்றை எங்கே தேடுவது? மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் ஆடப்பட்டு வந்துள்ள கூத்துக்களின் முடி, புயக்கீர்த்தி, மார்புக்கவசம் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளையின் பின்புலம்

இலங்கையின் மலைநாட்டுத் தமிழர் வரலாற்றில் மாத்தளைக்குத் தனியிடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் கோப்பிச் செய்கை விரிவடைந்தபோது, தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாகத் தம்புள்ளை வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். உயிர் தப்பியோர் முதலிற் கண்ட மலைநகரம் மாத்தளையே. 1880இல் புகையிரதப் பாதை மாத்தளையை எட்டிற்று. கோப்பி நோயால் அழிய, அதனிடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. றத்தொட்டை, எல்கடுவ, கம்மடுவ ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் லயன் வரிசைகள் எழுந்தன. தாழ்ந்த பகுதிகளில் இறப்பரும் கொக்கோவும் பயிராயின.

இவ்வாறு வந்தவர்கள் கையிற் பொருள் கொண்டுவரவில்லை. மனத்திற் கூத்தைக் கொண்டுவந்தனர். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலையகத் தோட்டங்களில் நிலைபெற்றன. மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் நடப்பட்டுப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்து நிறைவுறும். மன்மதன், இரதி, சிவன், தூதன், வீரபத்திரன், எமன் என்று வரும் பாத்திரங்களுக்கெல்லாம் முடியும் அணியும் வேண்டும். பொன்னர் சங்கர் கதையோ போர்க்கதை. அண்ணன்மார் இருவருக்கும் போர்க்கோலம் இன்றியமையாதது. நாளாந்தக் கூலி பெறும் ஒருவர் ஓர் இரவுக்கு அரசனாகவும் வீரனாகவும் நிற்பதற்கு வேண்டிய கவசம் எங்கிருந்து வந்தது?

மரத்திலிருந்து காகிதத்துக்கு

தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் முடியும் புயக்கீர்த்தியும் கலியாணமுருங்கை போன்ற இலேசான மரத்திற் செதுக்கப்பட்டு, கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தாள்களும் பதிக்கப்பெறுவது மரபு. அக்கிராமத்தில் தச்சர் இருந்தார், மரமும் இருந்தது. தோட்டத்திலோ நிலம் மட்டுமன்றி, அதில் நின்ற மரமும் தொழிலாளிக்கு உரியதன்று. எனவே மட்டைப் பெட்டி, பழைய செய்தித்தாள், வண்ணத் தாள், பளபளக்கும் சரிகைத் தாள் ஆகியவை மரத்தின் இடத்தைப் பெற்றன. தேயிலை ஏற்றுமதிக்கான பலகைப் பெட்டிகளின் உட்புறம் முற்காலத்தில் ஈயத் தகட்டாலும் பின்னர் அலுமினியத் தாளாலும் மூடப்பட்டது. தொழிலாளியின் கண்முன் நாள்தோறும் மின்னிய உலோகம் அதுவே. காலப்போக்கிற் பலகைப் பெட்டிகளுக்குப் பதிலாகப் பல படைகள் கொண்ட தடித்த காகிதச் சாக்குகள் வழக்கிற்கு வந்தன. படை மேற் படையாக அடுக்கிய காகிதம் ஐம்பது கிலோ அளவான பாரத்தையும் தாங்கும் என்பதற்கு அச்சாக்கே சான்று.

இம்மாற்றத்தை வறுமையின் விளைவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. விடியும்வரை ஆடும் கூத்தனுக்கு முடியின் பாரம் பெருந்தடை. துள்ளியும் சுழன்றும் ஆடுகையில் தலையணி கழுத்தை நோகச் செய்யலாகாது. இவ்வகையிற் காகிதம் மரத்தினும் ஏற்புடையதாயிற்று. ஆனால் மரத்துக்கு இயல்பாயுள்ள விறைப்பையும் நீர்தாங்கும் தன்மையையும் காகிதத்துக்குக் கையால் ஊட்ட வேண்டியிருந்தது. அத்தொழில்நுட்பமே நம் கவனத்துக்குரியது.

உறுதியாக்கும் முறை

ஒற்றைத் தாள் மடங்கும். பசையால் ஒன்றிய பல தாள்கள் மடங்கா. ஒரு தகட்டின் தடிப்பு இருமடங்கானால் அதன் விறைப்பு ஏறத்தாழ எண்மடங்காகும் என்பது பொறியியல் விதி. ஆயினும் படைகள் இடைவெளியின்றி ஒட்டியிருந்தால் மட்டுமே இவ்விதி செல்லும். இடையிற் காற்று புகுந்தால் அவை மீண்டும் தனித்தனித் தாள்களே. ஆதலின் தாளை வெட்டாது கிழித்து ஒட்டுவது நலம். கிழித்த விளிம்பில் நார்கள் மெலிந்து நீண்டு அடுத்த தாளோடு பின்னிக்கொள்ளும். வெட்டிய விளிம்போ படிபோல் நிற்கும். ஒரு படை நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் அமைதல் வேண்டும். காகிதத்தின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையிற் படிந்திருப்பதால், ஒரு திசையின் பலவீனத்தை மறு திசை ஈடுசெய்கிறது.

பசையாகப் பயன்படுவது கோதுமை மா அல்லது மரவள்ளி மாவைக் காய்ச்சிய கஞ்சி. மாவை முதலிற் குளிர்நீரிற் கரைத்துக் கட்டியின்றிக் காய்ச்சும்போது, அதன் மணிகள் நீரை உறிஞ்சி உப்பிக் கூழாகின்றன. அக்கூழே காகித நார்களைப் பிணிக்கிறது. பசை உலரும்போது சுருங்கும். மட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டினால் அது அப்பக்கமாகவே வளைந்துவிடும். இரு பக்கத்தும் சமமாக ஒட்டுவதே இதற்குப் பரிகாரம். புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தமோ படிகாரமோ சேர்ப்பது பூச்சியும் பூஞ்சணமும் அணுகாதிருக்க. தமிழ்நாட்டு இல்லங்களிற் காகிதக் கூழினாற் கூடை செய்வோர் வெந்தயத்தை அரைத்துச் சேர்ப்பதும் பிணிப்புக்கும் காப்புக்குமாகவே.

வடிவமும் ஒரு வலிமையே. தட்டையான மார்புக்கவசத்தின் நடுவே ஒரு முகடு எழுப்பினால் அது வளையாது. முடியின் விளிம்பிற் பிரம்பையோ இரும்புக் கம்பியையோ வைத்துத் தாளைச் சுருட்டி ஒட்டினால், அடிக்கடி கைபடும் அவ்விளிம்பு பிய்ந்துபோகாது. இறுதிப் படையாகப் பழைய வேட்டித் துணியைப் பசையில் தோய்த்துப் போர்த்தினால், துணியின் இழைகள் வெடிப்பைத் தடுக்கும். ஒவ்வொரு சில படைக்கும் ஒருமுறை நன்றாக உலரவிடுதல் முக்கியம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வெயில் எறிக்கும் காலத்தை ஒட்டி மாசி வருவது, காமன் கூத்தின் அணிகளைச் செய்வோருக்கு வாய்ப்பானதே.

மெருகிடும் முறை

உலர்ந்த காகிதத்தின் பகை ஈரம். மலையின் பனி வெளியிலிருந்தும் கூத்தனின் வியர்வை உள்ளிருந்தும் பசையை இளக்கும். ஆகவே மெருகு என்பது அழகுக்கு மட்டுமன்று, காப்புக்குமாகும். முதலில் வெண்சுண்ணப் பொடியைப் பசையிற் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் தேய்த்து மேடுபள்ளங்களைச் சமன்செய்வர். பலகையிலே துணி ஒட்டிச் சுண்ணக் கலவை பூசிப் பொற்றகடு பதிக்கும் தஞ்சாவூர் ஓவியத்திலும் இதே அடிப்படையே காணப்படுகிறது. அதன்மேல் வண்ணம், அதன்மேல் சரிகைத் தாள் அல்லது காக்காய்ப்பொன், ஈற்றில் அரக்குக் கரைசலோ வார்னிசோ மெல்லிய பூச்சுக்களாக இடப்படும். உட்புறமும் பூசப்படாவிடில் வியர்வையே முடியைக் கெடுத்துவிடும். ஈரம் முற்றும் நீங்காமுன் பூசினாலோ, அவ்வீரம் உள்ளே அடைபட்டுப் பூஞ்சணத்துக்கு இடமளிக்கும்.

அரக்கைப் பற்றிக் கூறும்போது அதே மாவட்டத்தின் மற்றொரு கைவினையை நினையாதிருக்க முடியாது. மாத்தளை மாவட்டத்து ஹப்புவிடவிற் சிங்களக் கைவினைஞர் அரக்கைச் சூடாக்கி, நகத்தால் நூல்போல் இழுத்து, கைத்தடிகளிலும் ஈட்டிக் காம்புகளிலும் பதிக்கும் நகவேலை புகழ்பெற்றது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிற் கண்டி நாட்டு அரக்கு வேலையை விரிவாகப் பதிவு செய்தார். கண்டியரசின் சேவைமுறையில் நிலமும் குலத்தொழிலும் பிணைந்திருந்தமையால், அக்கைவினைக்கு ஊரும் பெயரும் பரம்பரையும் இருந்தன. குமாரசுவாமி அதனைத் தேடிச் செல்ல முடிந்தது. அதே காலத்தில் அம்மலைகளின் லயன்களிலும் கைவினைஞர் வாழ்ந்தனர். ஆயின் நிலமற்ற அவர்கள் அரசாங்க ஏடுகளில் 'கூலி' என்ற ஒரே பெயராலேயே குறிக்கப்பட்டனர். பகலில் முழு நாளும் மலையேறியவர் இரவிற் செய்த வேலை எந்த ஏட்டிலும் தொழிலாக எண்ணப்படவில்லை.

உலக அரங்கில் ஓர் ஒப்பீடு

காகிதக் கவசம் என்றதும் அதனை விளையாட்டுப் பொருளாகக் கருதுதல் தவறு. சீனத்தில் 9ஆம் நூற்றாண்டிலே, தாங் அரசமரபுக் காலத்தில், மடித்து அடுக்கிய காகிதக் கவசத்தைப் போர்வீரர் அணிந்தனரென்றும் வலிய அம்பும் அதனைத் துளைக்கவில்லையென்றும் அந்நாட்டு வரலாற்று நூல் கூறுகிறது. 1040இல் சொங் அரசு எல்லைப்புறப் படைக்காக 30,000 காகிதக் கவசங்களைச் செய்யுமாறு பணித்தது. நம் அண்டையிலும் ஒரு சான்று உண்டு. மேற்கு வங்கத்துப் புருலியா மாவட்டத்தின் சரிதா கிராமத்தில், களிமண் அச்சின்மேற் சாம்பல் தூவி, பசையில் தோய்த்த தாள்களைப் படைபடையாக ஒட்டி, துணியும் களிமண்ணும் போர்த்து, உலர்த்தி வண்ணமிட்டுச் சௌ நடன முகமூடிகளைச் செய்கின்றனர். 2018இல் அம்முகமூடி புவிசார் குறியீடு பெற்றது. பதிவும் சந்தையும் கிடைத்தவிடத்துக் காகிதக் கைவினை ஓர் ஊரின் வாழ்வாதாரமாகவே வளரக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

எஞ்சாமைக்கான காரணங்கள்

மாத்தளைத் தோட்டங்களின் பழைய காகிதக் கவசங்கள் காலத்தைத் தாண்டி நில்லாமைக்குக் காகிதத்தின் இயல்பு மட்டும் காரணமன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. வாத்தியார் ஒரு நாட்டிலும் மாணாக்கன் மற்றொரு நாட்டிலுமாகப் பிரியுமிடத்துக் கைப்பழக்கத்தாற் கடத்தப்படும் கலை எவ்வாறு தொடரும்? 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ரொட்டிக்கான மாவும் பசைக்கான மாவும் ஒன்றே என்பதை இங்கு மறக்கலாகாது. கோதுமை மாவைக் காய்ச்சி ஒரு முடியைச் செய்வது, பசித்த இல்லத்தில் எளிய காரியமன்று. 1983 யூலையில் மாத்தளை நகரிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. உயிரைக் காக்க ஓடுவோர் காகித முடியை எடுத்துச் செல்வரென எதிர்பார்த்தல் இயலாது.

பல்கலைக்கழகத்தாரின் பங்கையும் ஈண்டு நோக்குதல் தகும். பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்து, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றைத் தயாரித்தமை ஈழத்து நாடக வரலாற்றில் திருப்புமுனையாகும். மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டினார். மாத்தளை வடிவேலன் அம்மக்களின் பாரம்பரியக் கலைகள் குறித்து எழுதினார். இம்முயற்சிகளாற் பாட்டும் ஆட்டமும் ஏட்டில் ஏறின. ஆயினும் சொல்லைப் பதிவதற்கு நாம் காட்டிய அக்கறையைப் பொருளைப் பதிவதற்குக் காட்டினோமல்லேம். பாடலை எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடு போதும். முடியைப் பதிய வேண்டுமாயின் அதன் படைகளை எண்ணவும், பசையின் சேர்மானத்தைக் கேட்கவும், செய்தவரோடு அமர்ந்து ஒன்றைச் செய்து பார்க்கவும் வேண்டும்.

முடிவுரை

கடைகளிற் கிடைக்கும் ஆயத்த அணிகளும் வெள்ளைப் பசையும் தெளிப்பு வண்ணமும் வேலையை எளிதாக்கியுள்ளன. அவற்றைக் கையாள்வதைக் குறைகூறுதல் நியாயமன்று. கிடைத்ததைக் கொண்டு செய்வதே இக்கலையின் மரபு. ஆனால் பழைய முறையை அறிந்தோர் இருக்கும்போதே அதனை எழுதிவைத்தல் நம் கடன். முடியின் அளவு, மட்டையின் வகை, படைகளின் எண்ணிக்கை, பசை காய்ச்சும் பக்குவம், மெருகின் வரிசை, அவற்றுக்கு அத்தோட்டத்தில் வழங்கும் சொற்கள் ஆகியவற்றை ஒரு மாசியில் ஒரு தோட்டத்திலேனும் முறையாகத் திரட்டினால், அது மலையக வரலாற்றுக்குப் புதியதொரு சான்றுத் தொகுதியாக அமையும். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. பேராதனையிலிருந்து மாத்தளை சில மணி நேரப் பயணத்துள் அடங்குவது.

தோட்டத் தொழிலாளரின் வரலாறு இதுவரை பெரும்பாலும் எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் மாண்டனர், எவ்வளவு கூலி பெற்றனர் என்ற எண்களாலேயே எழுதப்பட்டுள்ளது. அவ்வெண்கள் இன்றியமையாதவை. எனினும் அவை அம்மக்களுக்கு நேர்ந்தவற்றை மட்டுமே கூறுவன. தாமாக விரும்பி அவர்கள் எதனைச் செய்தனர், அதனை எத்துணை அறிவோடு செய்தனர் என்பதைக் கூறவல்ல சான்றுகளுள், கஞ்சிப்பசை மணக்கும் அக்காகிதக் கவசமும் ஒன்று.