க்ளோஸ், பட் நோ சிகார்!

நூலிழையில் கோட்டை விட்டவரைப் பார்த்து ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். "கிட்ட வந்துட்டே, ஆனா பரிசு கிடையாது" என்று அர்த்தம். அமெரிக்கத் திருவிழாக் கடைகளில் குறி தவறாமல் அடித்தால் சுருட்டுதான் பரிசாம். அங்கே பிறந்த பேச்சு, பிறகு அச்சிலும் ஏறியது.

வேடிக்கை என்னவென்றால், நம்ம 'சுருட்டு'தான் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது! திண்டுக்கல் பக்கம் விளைந்த புகையிலை 19ஆம் நூற்றாண்டில் திருச்சிக்குப் போய்ச் சுருட்டாகி, 'டிரிச்சினாபொலி' என்று லண்டன் வரை மணத்தது. 1887-ல் வந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில் ஷெர்லக் ஹோம்ஸ் சாம்பலை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. ஆனாலும் உலகத்துக்குத் தெரிந்தது திருச்சி பெயர்தான்.

ஆயக்குடி கொய்யாவுக்காவது அதன் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. இலை கொடுத்த திண்டுக்கல்லுக்கு, நோ சிகார்!