மருந்தின் நான்காவது கூறு

நூற்றாண்டு காணும் நம் பாடசாலையில் பயின்று மருத்துவரானவர்களைப் பெயர் சொல்லிப் பெருமைப்படுகிறோம். தாதியராகவும் மருந்தாளராகவும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகவும் பணியாற்றிய சகோதரிகளும் நம்மிடையே உள்ளனர். அவர்களது பணிக்கு வழங்கும் சொற்களின் வரலாற்றை இம்மலரில் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

"துணை மருத்துவம்" என்பது இக்காலச் சொல். ஆங்கிலத்தில் அதனைப் பராமெடிக்கல் என்பர். அதிலுள்ள "பரா" கிரேக்க மொழிக்குரியது. "பக்கத்தில்" என்று பொருள்படும். அந்த ஆங்கிலச் சொல் 20ஆம் நூற்றாண்டில்தான் வழக்கிற்கு வந்தது.

ஆனால் அக்கருத்து நமக்குப் புதிதன்று. "மருந்து" அதிகாரத்தின் இறுதிக் குறளில் (950) வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உழைச்செல்வான். "உழை" என்றால் பக்கம். மன்னர் பக்கத்தில் நின்றோரும் உழையர் எனப்பட்டனர். எனவே உழைச்செல்வான் என்பவர் நோயாளியின் அருகிருந்து மருந்தைப் பிழையின்றிக் கொடுப்பவர். சரக சங்கிதையும் இதே நால்வகையைக் கூறி, அருகில் நிற்பவருக்குப் பணிவிடை அறிவு, திறமை, அன்பு, தூய்மை ஆகிய நான்கும் வேண்டும் என்கிறது.

"தாதி" என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, பாலூட்டி வளர்க்கும் செவிலித்தாய், மற்றது, பணிப்பெண். தமிழ்நாட்டார் வழங்கும் "செவிலியர்" என்பதும், ஆங்கில "நர்ஸ்" என்பதும் முதற்பொருளின் வழி வந்தவையே. தாதியரை ஏவலாளராக நினைப்போர் இரண்டாம் பொருளை மட்டும் பற்றிக்கொள்கின்றனர். நம் கிராமங்களில் பிள்ளைப்பேறு பார்த்த "மருத்துவிச்சி"யின் பெயரோ, மருத்துவன் என்பதன் பெண்பால்!

வாவியால் எழுவான்கரை, படுவான்கரை எனப் பிரிந்தது நம் மண். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையைப் படகிலேயே கடந்தோம். இங்கே நோயாளியின் பக்கம் செல்வதென்றால் நீரைக் கடப்பதும் அதில் அடங்கும். வள்ளுவர் "செல்வான்" என்றார். நம் ஊரில் பெரும்பாலும் அவள் "செல்வாள்".

இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்தோடு தாதியமும் பட்டப்படிப்பாக உள்ளது. நான்கில் ஒரு கூறு குறைந்தாலும் மருத்துவம் நிறைவுறாது. ஆகவே நம் சங்கத்தின் பதிவேட்டில் மருத்துவர், தாதியர், மருந்தாளர் எனப் பிரிக்காமல், பாடசாலையை விட்டுச் சென்ற ஆண்டின்படி எல்லோரையும் ஒரே வரிசையில் எழுதுவோம். எங்கிருப்பினும், உங்கள் பெயரையும் பணியையும் எமக்கு அறியத் தாருங்கள்.