சுழற்சிச் சமச்சீர்

வடிவவியலில், ஒரு வடிவத்தை ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு 360 பாகைக்குக் குறைவான கோணத்தில் சுழற்றும்போது அது முன்பிருந்தவாறே தோன்றுமாயின், அவ்வடிவம் சுழற்சிச் சமச்சீர் உடையது எனப்படும். ஒரு முழுச் சுற்றில் வடிவம் தன்னோடு பொருந்தும் தடவைகளின் எண்ணிக்கை, சமச்சீர் வரிசை ஆகும். 360 பாகையை வரிசையால் வகுத்தால் மிகச்சிறிய சுழற்சிக் கோணம் கிடைக்கும்.

எல்லா வடிவங்களும் முழுச் சுற்றின் முடிவில் பழைய நிலைக்கே வந்துவிடும். ஆகவே வரிசை 1 எனில், சுழற்சிச் சமச்சீர் இல்லை என்றே கொள்ளப்படுகிறது.

பொதுவான வடிவங்கள்

ஒழுங்கு பல்கோணத்தின் வரிசை அதன் பக்கங்களின் எண்ணிக்கையே. சமபக்க முக்கோணத்துக்கு 3 (120 பாகை), சதுரத்துக்கு 4 (90 பாகை). செவ்வகம், சாய்சதுரம் ஆகியவற்றுக்கு 2. வட்டம் எக்கோணத்தில் சுழற்றினும் பொருந்துவதால் அதன் வரிசை முடிவிலி.

சமச்சீர் அச்சுடன் வேறுபாடு

மாணவர்கள் பெரிதும் தவறுவது இணைகரத்தில்தான். செவ்வகமோ சாய்சதுரமோ அல்லாத இணைகரத்தை எந்தக் கோட்டில் மடித்தாலும் இரு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா. அதாவது அதற்குச் சமச்சீர் அச்சே இல்லை. எனினும் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக்கூறிடுவதால், அவை வெட்டும் புள்ளியைப் பற்றி 180 பாகை சுழற்றினால் எதிரெதிர் உச்சிகள் இடம் மாறிக்கொள்கின்றன. எனவே வரிசை 2. இருசமபக்கச் சரிவகம் இதற்கு நேர்மாறானது: ஓர் அச்சு உண்டு, சுழற்சிச் சமச்சீர் இல்லை. தாளில் வரைந்து வெட்டி, மையத்தில் குண்டூசி குத்திச் சுழற்றிப் பார்த்தால் ஐயம் நீங்கும்.

ஆயினும் இரண்டும் தொடர்பற்றவை அல்ல. ஒன்றையொன்று வெட்டும் இரு அச்சுகளில் அடுத்தடுத்து எதிரொளித்தால், அவற்றின் இடைக்கோணத்தைப் போல் இருமடங்கு சுழற்சி கிடைக்கும். ஆகையால் இரு அச்சுகள் உள்ள பல்கோணத்துக்குச் சுழற்சிச் சமச்சீர் கட்டாயம் இருக்கும். இணைகரம் காட்டுவதுபோல், இதன் மறுதலை உண்மையன்று. மாண் தீவின் கொடியிலுள்ள மூன்று கால்களும் அவ்வாறே. வரிசை 3, அச்சு இல்லை.

ஐந்தாம் வரிசை

ஒரே அலகு சீரான இடைவெளியில் மீண்டும் மீண்டும் வந்து தளத்தை நிரப்பும் கோலங்களில் 2, 3, 4, 6 ஆகிய வரிசைகள் மட்டுமே இயலும். சதுர ஓடுகள் பதித்த தரையில் 4, தேன்கூட்டில் 6. ஒழுங்கு ஐங்கோணத்தின் உட்கோணம் 108 பாகை. அது 360ஐ மீதியின்றி வகுக்காததால் ஐங்கோண ஓடுகளுக்கிடையே இடைவெளி விழும். படிகங்களும் இவ்விதிக்கு உட்பட்டவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1982இல் டான் செக்ட்மன், விரைந்து குளிர்விக்கப்பட்ட அலுமினியம்-மாங்கனீசு கலப்புலோகத்தின் எலக்ட்ரான் விளிம்பு விளைவுப் படத்தில் பத்தாம் வரிசைச் சமச்சீரைக் கண்டார். லைனசு பாலிங் போன்ற அறிஞரே இதை ஏற்க மறுத்தார். அணுக்கள் ஒழுங்காக அமைந்தும் சீரான இடைவெளியில் மீளாத இத்தகைய பொருள்கள் குவாசி படிகங்கள் எனப்படுகின்றன. இக்கண்டுபிடிப்புக்காகச் செக்ட்மனுக்கு 2011இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.