மலிவுப் படங்களின் பேய்கள்

திரைப்பட வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் உயர்ந்த படங்களையே எண்ணிப் பார்ப்பர். சிறு முதலில் விரைந்து எடுக்கப்பட்டு, காட்டு விலங்கையும் பேயையும் காட்டிக் காசு சேர்த்த படங்களை ஒதுக்கிவிடுவர். ஆயினும் அரியாலை போன்ற ஊர்களிலிருந்து கண்டி வீதி வழியே யாழ்ப்பாணத்து வெலிங்டன், வின்சர், றீகல் படமாளிகைகளுக்குச் சென்ற தலைமுறையினரை ஈர்த்தவற்றுள் இத்தகைய படங்களும் உண்டு. இவ்விருப்பம் எதனால் விளைந்தது என்பதே இப்பேச்சின் பொருள்.

தமிழில் இவ்வகை புதியதன்று. ‘டார்சான்’ படங்களைப் பின்பற்றி, ஹோமி வாடியாவின் ‘வனராஜ கார்சன்’ 1938 ஆம் ஆண்டிலேயே வந்தது. 1952 இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு கூடித் ‘தி ஜங்கிள்’ என்னும் படத்தை எடுத்தது. அது தமிழில் ‘காடு’ ஆயிற்று. அழிந்துபோன மாமத யானைகள் அதில் தோன்றுகின்றன. உண்மையில் அவை உரோமப் போர்வை அணிந்த நம் நாட்டு யானைகளே! போர்வை தெரிந்தும் மக்கள் மகிழ்ந்தனர்.

இதில் வியப்பில்லை. முகத்தில் பூசிய மையையும் தலையில் வைத்த முடியையும் கொண்டு ஒருவனை அரக்கனென ஏற்று, விடிய விடியக் கூத்துப் பார்த்த மக்கள் நாம். மேடையில் இல்லாததைக் காண்போன் தன் மனத்தால் நிரப்பினான். வறுமை கலைக்குக் கற்பித்த பாடம் இது. ஹாலிவுட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 1942 இல் வால் லூட்டன் தயாரித்த ‘கேட் பீப்பிள்’ படத்தின் நீச்சற் குளக் காட்சியில், விலங்கு எதுவும் வெளிப்படையாகக் காட்டப்படவில்லை. சுவரில் அசையும் நிழலும் ஓர் உறுமலுமே அச்சத்தை விளைவித்தன.

1951 இல் கே. ராம்நாத் நெறியாள்கையில், எம். ஜி. இராமச்சந்திரன் நடித்த ‘மர்மயோகி’ வெளிவந்தது. ஆவிக் காட்சிகளின் பொருட்டு, ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்னும் சான்று பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுவே. ஆனால் அந்த ஆவி ஆவியே அன்று. வஞ்சனையால் அரியணை இழந்து, இறந்தவனாகக் கருதப்பட்ட மன்னனே அவன். 1978 இல் விட்டலாச்சாரியாவின் ‘ஜகன்மோகினி’ வந்தது. அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே வைத்து எரிக்கும் பேய் அதில் வருகிறது. பார்ப்போர் அஞ்சினர், உடனே சிரித்தனர். அப்பேயும் வஞ்சிக்கப்பட்ட ஒரு பெண்ணே.

இங்கேதான் இப்படங்களின் உட்பொருள் வெளிப்படுகிறது. பழையனூர் நீலி கதை முதல், நம் பேய்க் கதைகளிற் பல அநீதிக்கு உள்ளானோரின் கதைகள். உயிரோடு இருந்தபோது பேச இயலாதவர், இறந்தபின் வந்து நியாயம் கேட்கின்றனர். படம் முடியுமுன் அது கிடைத்தும் விடுகிறது. அச்சத்தோடு சென்றவர் ஆறுதலோடு திரும்புவதன் காரணம் இதுவே.

1980களில் வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சியும் ‘டெக்’கும் வீட்டு முற்றத்துக்கு வந்தன, ஊர் கூடி இரவிரவாகப் படம் பார்த்தது. அதன்பின் போர் மூண்டு, உண்மையான அச்சம் இருளில் வந்தது. அரியாலையின் எல்லையில் உள்ள செம்மணியில், 1999 இல் பதினைந்து பேரின் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025 இல் அங்குள்ள மயானத்தில் குழந்தைகளுடையவை உட்பட மேலும் பல வெளிப்பட்டன. எந்த நெறியாளரும் அமைக்காத காட்சி அது.

அந்த எலும்புகள் எழுந்து வந்து நியாயம் கேட்பதில்லை. திரையில் பேய் செய்த பணியை இங்கு உயிரோடு இருப்போரே செய்தல் வேண்டும். பழைய மலிவுப் படத்தைக் கண்டு சிரித்து மகிழ்வோர், அது ஒரு பேருண்மையைத் தன் எளிய முறையிற் சொல்லிச் சென்றது என்பதையும் நினைவிற் கொள்வாராக. இறந்தோர் கணக்கு தீர்க்கப்படாத வரையில் கதை முடிவதில்லை.