நேரடிச் சாதனத் தொடர்பில் அலைக்கற்றைப் பகிர்வு

அருகருகே உள்ள கைப்பேசிகளோ வாகனங்களோ கோபுரத்தின் வழியே செல்லாமல் தமக்குள் நேரடியாகத் தரவு பரிமாறும்போது, யார் எந்த அலைவரிசையை எப்போது பயன்படுத்துவது என்பதை ஒழுங்குபடுத்தும் முறை. கைப்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு எல்டிஇ தரநிலையின் 12ஆம் வெளியீட்டில் இந்த நேரடித் தொடர்பைச் சேர்த்தது. கோபுரங்கள் செயலிழந்த பேரிடர்க் களத்திலும் மீட்புப் பணியாளர்கள் பேசிக்கொள்ள இது உதவும்.

நேரடித் தொடர்புக்கெனத் தனிப் பட்டை ஒதுக்கினால் குறுக்கீடு குறையும். ஆனால் பயன்படாத நேரத்தில் அலைக்கற்றை வீணாகும். கோபுரத்தோடு பேசுவோரின் அலைவரிசையையே மறுமுறை பயன்படுத்தினால் கொள்ளளவோடு குறுக்கீடும் கூடும். இதற்குப் பெரும்பாலும் கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் மேலிணைப்பு அலைவரிசையே தேர்வாகிறது. அங்கே குறுக்கீடு கோபுரத்தின் ஏற்பியில் விழுவதால், கோபுரமே அதை அளந்து சாதனங்களின் ஆற்றலைக் குறைக்கச் சொல்லலாம்.

கோபுரத்தின் மேற்பார்வை இல்லாத இடமே உண்மையான சோதனைக்களம். எல்டிஇ 14ஆம் வெளியீட்டில் வாகனங்களுக்கான நான்காம் முறையில் ஒவ்வொரு வாகனமும் கடந்த 1 நொடி நிலவரத்தைக் கேட்டு, பிறர் முன்பதிவு செய்த அலைக்கற்றைக் கூறுகளை விலக்கி, மீதியில் ஆற்றல் குறைந்தவற்றுள் ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்து, பல சுற்றுகளுக்கு வைத்துக்கொள்கிறது. இரு வாகனங்கள் ஒரே கூறைத் தேர்ந்தால் மோதல் தொடரும். அனுப்பும் கணத்தில் கேட்க இயலாததால் இரண்டுமே அதை அறியா. உயிர்காக்கும் எச்சரிக்கைகளுக்கு இது கடுமையான குறை. அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2020இல் 5.895–5.925 கிகாஹெர்ட்ஸ் பட்டையை இத்தகைய வாகனத் தொடர்புக்கு ஒதுக்கியது.