பால்மரமும் பலகையும்

அகத்தே வயிரமுடையதனை மரமென்றும் புறத்தே வயிரமுடையதனைப் புல்லென்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தனர். தச்சுத்தொழிலை வழிவழிக் கைக்கொண்ட நம் முன்னோரும் அவ்வயிரத்தையே நோக்கித் தேக்கு, ஈட்டி, வேங்கை முதலியவற்றைப் போற்றினர். வயிரமில்லாத வெண்மரங்களை விறகென ஒதுக்கினர். அங்ஙனம் ஒதுக்குண்ட மரமொன்று இந்நாளில் உலகெங்கணும் மேசையாகவும் பலகையாகவும் விளங்குமாற்றை ஈண்டு ஆராய்வாம். அஃது இரப்பர் எனப்படும் பால்மரமேயாம்.

இதன் தாயகம் தென்னமெரிக்காவிலுள்ள அமேசான் ஆற்றுவெளி. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனைச் சார்ந்த கியூ தோட்டத்திற்குக் கொணர்ந்தார். அவற்றுள் முளைத்தவை 2,700 அளவினவே. அவ்வாண்டிலேயே அவற்றுட் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பெற்றது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் அந்நகரத்துப் பூங்காவின் தலைமையேற்ற ரிட்லி என்பார், மரம் பட்டுப்போகாவண்ணம் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீன வணிகர் தோட்டம் இட்டார். அதன்பின் மலாயாவின் பெருங்காடுகள் வீழ்ந்தன. பால்மரங்கள் நிரை நிரையாக எழுந்தன.

ஆங்கு ஐரோப்பியர் தோட்டங்களில் கன்று நட்டோரும், இருள் புலரும் முன் எழுந்து பால் வெட்டியோரும் யாவர்? கங்காணிமார் அழைத்துச் சென்ற நம் தமிழ் மக்களே அவருள் மிகப்பலர். 1938இல் இந்திய அரசாங்கம் அவ்வகைக் குடியேற்றத்தைத் தடுக்குமளவும், ஊர்விட்டு ஊர்சென்ற அவ்வேழைகளின் வியர்வையே அம்மரங்களுக்கு எருவாயிற்று என்று கூறின் அது மிகையாகாது.

பால்மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளிற் பால் சுருங்கும். பின் அதனை வெட்டிப் புதுக்கன்று நடுவர். வெட்டிய மரம் யாதாயிற்று? நெடுங்காலம் அது தோட்டத்திலேயே கொளுத்தப்பட்டது; எஞ்சியது பால்தகடுகளைப் புகையூட்டும் அறைக்கு விறகாகவும் கரியாகவும் கழிந்தது.

மரத்தின்கண் குறை இருந்தது உண்மையே. அதன் உடலில் மாவுப்பொருள் மிகுதி. ஆகலின் வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணம் படர்ந்து நீலம்பாரிக்கும். வண்டு துளைத்து உளுக்கும். உலரும்போது கோணும். அதன் பால் வாளின் பற்களிற் பிசுபிசுத்து ஒட்டும். அடிமரமோ குட்டையானது, பால்வெட்டிய வடுக்கள் உடையது.

இக்குறைகளை நீக்கும் வழியினைக் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தாரும் பிறரும் ஆராய்ந்தனர். வெட்டியவுடன் காலந்தாழ்க்காது அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் உட்செலுத்தி, வெப்ப அறையில் உலர்த்தினால், பூஞ்சணமும் வண்டும் அணுகா எனக் கண்டனர். 1980க்குப் பின் அம்மரத்தாற் செய்த மேசை நாற்காலிகள் மலேசியாவினின்றும் பல நாடுகளுக்கு மிகுதியாகச் சென்றன. எரிக்கப்பட்ட மரம் பொன் ஈட்டும் மரமாயிற்று.

எனினும் குட்டை மரத்தை அறுக்குங்கால் பலகையாவது சிறுபகுதியே. கிளையும் சிராயும் தூளும் பெரும்பகுதி. இவற்றையும் வீணாக்காமற் காத்தது பிறிதொரு கலை. மரத்துகளைப் பிசினிட்டு அழுத்தும் துகட்பலகைத் தொழிற்சாலை 1941இல் செருமனியின் பிரேமன் நகரில் தோன்றியது. எம்.டி.எப். எனப்படும் நார்ப்பலகை 1960களில் அமெரிக்காவில் வணிகத்திற்கு வந்தது. மரத்தைச் சிறு சில்லுகளாக்கி, நீராவியில் இளக்கி, சுழலும் தட்டுகளிடை அரைத்து நாராக்கி, யூரியா பார்மால்டிகைடுப் பிசின் கலந்து, மெத்தைபோற் பரப்பி, வெந்தகடுகளிடை அழுத்துவதே அதன் முறை. இதற்கு வயிரமும் வேண்டா, நெடிய அடிமரமும் வேண்டா. ஆகவே பால்மரம் இதற்கு மிகவும் பொருந்திற்று.

இப்பலகை வந்தபின் எம் உளிக்கு வேலையில்லை என வருந்தும் தச்சர் சிலரை யாம் கண்டுளோம். அவர் வருத்தம் பொய்யன்று. ஆயினும் பலகையின் இயல்பறியாதார் கையில் அது விரைவிற் கெடுகின்றது. நீர்பட்டால் ஊதும், விளிம்பில் ஆணி அறையின் பிளக்கும். விளிம்பை மூடவும், துளையிட்டுத் திருகாணி முடுக்கவும் அறிந்த கையே அதற்கு வேண்டும். பார்மால்டிகைடு மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பதென 2004இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் அறிவித்தனர். ஆதலின் அவ்வாவி குறைவாக வெளிப்படும் தரத்துப் பலகையையே வாங்குதலும், அறுக்கும்போது மூக்கை நன்கு மூடிக்கொள்ளுதலும், காற்றோட்டமுள்ள இடத்தே தொழில் செய்தலும் நம் இளைஞர்க்கு இன்றியமையாதன.

பால்மரம் தாழ்ந்திருந்தது மரத்தின் குறையாலன்று. அதனை ஆராய்வார் இன்மையாலேயாம். விறகென்று தள்ளியதை விலைப்பொருளாக்கியது அறிவு. தம் சிறார் கைக்கு உளியொடு நூலையும் கொடுப்பாராயின், நம் மரபினர்க்கும் அவ்வாறே உயர்வு வரும். மலாயாவில் மரம் நட்டு, அம்மரத்தின் பிற்பயன் காணாது மறைந்த நம்மவரையும், அப்பலகையைத் தொடுந்தோறும் ஒருகால் நினைவாமாக.